“பில் ஏறும், போனை வை”

வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய டாக்டருக்கு,

எனக்கு 53 வயது. கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். இப்போது சென்னைவாசி. 2001 செப்டம்பர் 11 அன்று பிராங்க்பர்ட்டில் விமானம் மாறி நியூயார்க் போய்க்கொண்டிருந்தேன். அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். நடுவழியில் எங்கள் விமானத்தைக் கனடாவில் கேண்டர் என்ற சின்ன ஊரில் இறக்கினார்கள். மத்தியானம் பன்னிரண்டரைக்கு இறங்கினோம். மறுநாள் புதன்கிழமை காலை பத்து மணி வரை விமானத்துக்குள்ளேயே உட்காரவைத்துவிட்டார்கள். அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். சனிக்கிழமை காலை கிளம்பினோம்.

உண்மையைச் சொல்கிறேன் டாக்டர், அங்கே நான் சந்தோஷமாக இருந்தேன். முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுக் குளிக்க வெந்நீர் கொடுத்தார்கள், மாற்றுத் துணி கொடுத்தார்கள். நான் சைவம் என்றதும் ஒரு பாட்டி எனக்கென்று தனியாக உருளைக்கிழங்கு வேகவைத்துத் தந்தார். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பாட்டும் ஆட்டமும். ஒரு பெரிய மீனைக் கொண்டுவந்து முத்தம் கொடுக்கச் சொன்னார்கள், அது அந்த ஊர் வழக்கமாம். கொடுத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். அமெரிக்காவில் தாக்குதலில் மூவாயிரம் பேர் செத்துக் கிடக்க, இங்கே நான் மீனுக்கு முத்தம் கொடுத்துச் சிரித்திருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவி கேட்டால்கூட, “நடுவுல இறக்கிட்டாங்க, நாலு நாள் கழிச்சு விட்டாங்க” என்பதோடு சரி.

எட்டு மாதத்துக்கு முன் அம்மா தவறிவிட்டார். பதினாறாம் நாள் விசேஷத்தன்று பாத்திரம் ஒதுங்கவைத்துக்கொண்டே அக்கா சொன்னாள்: “நீ அமெரிக்கா போனப்ப ரெண்டு நாள் அம்மா பச்சத்தண்ணி பல்லுல படாம கெடந்தா. டீச்சர் வீட்டு வாசப்படிய விட்டு எந்திரிக்கல.” இத்தனை வருஷமாக எனக்கு இது தெரியாது.

அப்போது எங்கள் வீட்டில் போன் கிடையாது. எதிர்வீட்டு டீச்சர் நம்பர்தான் பி.பி. நம்பர். புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் போன் கிடைத்தது. ஊரில் நடுராத்திரி. டீச்சர் வீட்டை எப்படி எழுப்புவது என்று, பின்னால் நின்றவருக்கு வழிவிட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் கூப்பிட்டேன். அம்மா ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. “குளிருதாய்யா? சரி, பில் ஏறும், போனை வை.” அவ்வளவுதான்.

அம்மா பட்டினி கிடந்தபோது நான் ஆடிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு வரி தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. விடிகாலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. மகள் அடுத்த மாதம் மேல்படிப்புக்கு ஜெர்மனி போகிறாள், துபாயில் விமானம் மாற வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் பேசுவேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் செயலியை இப்போதே ராத்திரியெல்லாம் பார்க்கிறேன். “உங்களுக்கு என்னப்பா ஆச்சு?” என்கிறாள். அத்தனை பேர் சாவில் சந்தோஷப்பட்டதற்குத் தண்டனையா இது?

பெயர் வேண்டாம், சென்னை.

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். மூன்றரைப் பக்கம் நியூயார்க்கையும் கேண்டரையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தில் கையெழுத்து சின்னதாகிவிட்டது, இரண்டு இடத்தில் அடித்து எழுதியிருக்கிறீர்கள். கேள்வியை மூவாயிரம் பேரைப் பற்றிக் கேட்டிருந்தாலும், தூக்கம் கலைவது ஒருவருக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் கடிகாரத்தைப் பார்த்துவிடுவோம். செப்டம்பர் மாதத்தில் கேண்டர் நேரத்தோடு எட்டு மணி நேரத்தைக் கூட்டினால் நம் ஊர் நேரம். (கேண்டர் இருக்கும் நியூபவுண்ட்லாந்து தீவு மற்ற ஊர்களிலிருந்து அரை மணி விலகி நிற்கிற ஊர். நம் நாடும் அப்படித்தான். இரண்டு அரையும் சேர்ந்து கணக்கு முழுசாகிவிடுகிறது.)

பயங்கரவாதிகள் கடத்திய முதல் விமானம் உலக வர்த்தக மையக் கோபுரத்தில் மோதியது நியூயார்க்கில் காலை 8.46. நம் ஊரில் சாயங்காலம் 6.16, விளக்கு வைக்கிற நேரம். இரண்டாவது விமானம் 6.33க்கு. 7.29க்குத் தெற்குக் கோபுரம் விழுந்தது, 7.58க்கு வடக்குக் கோபுரம். டீச்சர் வீட்டில் டிவி இருந்திருக்கும். செய்தி நேரத்துக்குத் தெருவில் பாதிப் பேர் அங்கே கூடியிருப்பார்கள். அம்மாவுக்கு உலக அரசியல் தெரிந்திருக்க வேண்டாம். மகன் விமானத்தில் போயிருக்கிறான், நியூயார்க்குக்குப் போயிருக்கிறான், இன்றைக்குத்தான் போய்ச் சேர வேண்டும். திரையில் விமானம், திரையில் நியூயார்க். அவர் வேறு என்ன நினைத்திருப்பார்?

அதே நேரத்தில் நீங்கள் அட்லாண்டிக் கடலுக்கு மேலே தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருந்தீர்கள். நியூயார்க் நேரம் 9.45 மணிவாக்கில்தான் அமெரிக்க வானில் இருக்கும் எல்லா விமானங்களையும் உடனே தரையிறக்கும் உத்தரவு வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தவற்றை எல்லைக்குள் விடவில்லை. அப்படித் திருப்பிவிடப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்ட விமானங்களைக் கனடா வாங்கிக்கொண்டது. நீங்கள் கேண்டரில் இறங்கும்போது நம் ஊரில் ராத்திரி எட்டரை. இரண்டு கோபுரமும் விழுந்து முடிந்துவிட்டன. பெரும் விபரீதங்களின்போது வழியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நேரும் வினோதம் இது. ஊர் உலகமே பார்த்துவிட்டதை, அதற்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தவர் பார்க்கவில்லை. வீட்டில் இருந்தவருக்கு உங்களைத் தவிர எல்லாம் தெரியும், உங்களுக்கோ எதுவும் தெரியாது. பயத்தின் அளவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்திருக்கவே முடியாது.

இனி அம்மாவின் இரண்டு நாளைப் பிரித்துப் பார்க்கலாம். செவ்வாய் மாலை ஆறரையிலிருந்து புதன் மாலை ஆறு வரை, கிட்டத்தட்ட முதல் நாள் முழுக்க, நீங்கள் வானத்திலோ மூடிய விமானத்திலோ இருந்தீர்கள். கையில் போன் இல்லை. புதன் மாலை ஆறிலிருந்து நடுராத்திரி வரை சோதனை, பெயர்ப் பதிவு, பஸ், போன் வரிசை. நடுராத்திரியிலிருந்து வியாழன் மாலை ஆறு வரை பதினெட்டு மணி நேரம். அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன், அதை மறைக்க மாட்டேன். வியாழன் மாலை ஆறு மணிக்கு அம்மா உங்கள் குரலைக் கேட்டுவிட்டார்.

நீங்கள் ஆடியது எப்போது? சனிக்கிழமை கிளம்பினீர்கள், முந்தின ராத்திரி ஆட்டம். அப்படியென்றால் வெள்ளிக்கிழமை ராத்திரி. அங்கே ஒன்பது மணி என்றால் நம் ஊரில் சனிக்கிழமை விடிகாலை ஐந்து. அம்மா உங்களோடு பேசி முப்பத்தைந்து மணி நேரம் ஆகிவிட்டது. தன் வீட்டில், தன் பாயில் படுத்திருந்திருப்பார், அல்லது எழுந்து வாசல் தெளித்துக்கொண்டிருந்திருப்பார். “அம்மா பட்டினி கிடந்தபோது நான் ஆடிக்கொண்டிருந்தேன்” என்ற வரி தவறு. நீங்கள் எழுதிய கிழமைகளே அதற்குச் சாட்சி. இரண்டும் ஒரே கடிதத்தில், ஒரே கையெழுத்தில் இருந்தும் உங்கள் கண்ணுக்குப் படவில்லை.

ஏன் படவில்லை என்று கேட்பீர்கள். இப்படிப்பட்ட நாட்களின் நினைவு கல்வெட்டு மாதிரி என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனிபர் தலாரிக்கோ, டேவிட் ரூபின் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2001 செப்டம்பர் 12ஆம் தேதியே, அதாவது மறுநாளே, 54 மாணவர்களிடம் முந்தின நாள் செய்தியை எங்கே, யார் மூலம், எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். கூடவே அந்த வாரத்தில் நடந்த ஏதோ ஒரு சாதாரண நிகழ்ச்சியையும் எழுதச் சொன்னார்கள். வாரங்களும் மாதங்களும் கழித்துத் திரும்பக் கேட்டபோது, பெரிய நாளின் நினைவும் சாதாரண நாளின் நினைவும் ஒரே மாதிரிதான் பிசகியிருந்தன. ஆனால் பெரிய நாளைப் பற்றி மட்டும், “இது கண் முன்னால் நிற்கிறது, இதில் சந்தேகமே இல்லை” என்ற உறுதி குறையவே இல்லை. நடந்தவை இருக்கும், வரிசை கலைந்துவிடும். உங்களிடம் இரண்டு படம் இருந்தது. ஒன்று மீன், மற்றொன்று போன் வரிசை. எட்டு மாதத்துக்கு முன் அக்கா மூன்றாவதாக ஒரு படம் கொடுத்தார், வாசற்படியில் அம்மா. துக்கத்தில் இருந்த மனசு மூன்றையும் எடுத்து ஒரே ராத்திரிக்குள் ஒட்டிவிட்டது. ஒரு தாளை எடுத்து, செவ்வாய் முதல் சனி வரை இடது பக்கம் கேண்டர் நேரம், வலது பக்கம் ஊர் நேரம் என்று கோடு போட்டு எழுதிப் பாருங்கள். படித்தால் போதாது, உங்கள் கையால் எழுத வேண்டும்.

சரி, வெள்ளிக்கிழமை ராத்திரியாகவே இருக்கட்டும், 2,977 பேர் இறந்த வாரத்தில் சிரித்தது சரியா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்து முகாமில் மூன்று வாரம் வேலை பார்த்தேன். அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். ஒரு ராத்திரி சமையல்காரர் கஞ்சிக்கு உப்புப் போட மறந்துவிட்டார். வாய் வைத்த ஒரு பெரியவர் சொன்னார்: “விடுப்பா, கடல் தண்ணி குடிச்ச உப்பே இன்னும் வாயில கெடக்கு, அது போதும்.” மண்டபமே சிரித்தது. பந்தியில் யார் வீட்டிலும் எண்ணிக்கை முழுசாக இல்லை, ஆனாலும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாள் காலை ஒரு பெண் என்னிடம் வந்து, “புள்ளயப் பறிகொடுத்துட்டு நான் எப்படி டாக்டர் சிரிச்சேன்?” என்றார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

சார்லஸ் பிரிட்ஸ் என்ற சமூகவியலாளர் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு ஆளான ஊர்களையும், பிறகு பல இயற்கைப் பேரழிவுகளையும் ஆராய்ந்தவர் என்பதைப் பின்னால்தான் படித்தேன். ஒரு ஊருக்கே அடி விழும்போது, சாதாரண நாளில் மனிதர்களைப் பிரித்துவைத்திருந்தவை கொஞ்ச காலம் அறுந்துபோகின்றன, அதுவரை இல்லாத நெருக்கம் வருகிறது, அந்த நெருக்கமே மருந்தாகவும் வேலை செய்கிறது என்று அவர் 1961இல் எழுதினார். சாவு வீட்டுக்குப் போய் வந்த யாருக்கும் இது புதிதில்லை. பத்து வருஷம் பேசாத பங்காளிகள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மூன்றாம் நாள் ராத்திரி திண்ணையில் செத்தவரின் பழைய கதைகளைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதைத் துக்கத்துக்கு அவமரியாதை என்று நம் ஊரில் யாரும் நினைப்பதில்லை.

உங்களை ஏற்றுக்கொண்ட ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. கேண்டர் அன்று பத்தாயிரம் பேர்கூடத் தேறாத ஊர். 1938இல் திறந்த அதன் விமான நிலையம் ஊருக்குச் சம்பந்தமில்லாத அளவுக்குப் பெரியது. பழைய விமானங்களால் அட்லாண்டிக்கை ஒரே மூச்சில் தாண்ட முடியாது. இங்கே இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டுதான் போகும். ஜெட் விமானங்கள் வந்த பிறகு அந்தத் தேவை போய்விட்டது, ஓடுபாதை மட்டும் மிஞ்சியது. அந்த ஓடுபாதையில்தான் அன்று 38 பயணிகள் விமானங்கள் வரிசையாக வந்து நின்றன. 6,600 பேருக்குப் பக்கம். வேலைநிறுத்தத்தில் இருந்த பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் போராட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வண்டி ஓட்ட வந்தார்கள். வந்து குவிந்த சாப்பாட்டை வைக்க இடமில்லாமல், பனித்தரையில் ஹாக்கி விளையாடும் அரங்கத்தையே குளிர்பெட்டியாக்கினார்கள். பயணிகளின் பெட்டிகள் விமானத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. அதனால் ஊர் மருந்துக் கடைக்காரர்கள் எந்தெந்த நாட்டு டாக்டர்களுக்கோ போன் போட்டு மருந்துச் சீட்டை உறுதிசெய்துகொண்டு ராப்பகலாக மாத்திரை கொடுத்தார்கள்.

அவர்களும் டிவி முன்னால் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தவர்கள்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். செய்ய ஒன்றுமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பது மனிதனைத் தின்றுவிடும். அந்தப் பாட்டிக்கு அன்று அடுப்புப் பற்றவைக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. நீங்கள் சைவம் என்றது அவருக்குச் சிரமமாக இருந்திருக்காது. தனியாக ஒரு பாத்திரம் வைக்க வேண்டியிருக்கிறதே என்று நிம்மதிதான் பட்டிருப்பார். (மீன் விஷயத்தில் மட்டும் உங்கள் சைவத்தை அவர்கள் மதிக்கவில்லை. இதை உங்கள் மனைவியிடம் சொல்லிப் பாருங்கள், இருவரும் சேர்ந்து சிரிப்பீர்கள்.) நியூயார்க்கில் இறந்த யாரிடமிருந்தும் நீங்கள் எதையும் பிடுங்கிக்கொண்டு சிரிக்கவில்லை.

நாஜி முகாம்களிலிருந்து மீண்டவர்களுக்கு வைத்தியம் செய்த வில்லியம் நீடர்லேண்ட் என்ற மனநல மருத்துவர், பிழைத்தவர்களை அரிக்கும் குற்ற உணர்வைப் பற்றி 1960களில் விரிவாக எழுதினார். நீங்கள் அந்த வகையா என்றால், முழுக்க இல்லை. பிழைத்தேன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமைகூட உங்களுக்கு இருப்பதாக நீங்கள் நினைக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் வரிசையிலும் நிற்க முடியாது, வெறுமனே வேடிக்கை பார்த்தவர் வரிசையிலும் நிற்க முடியாது. வழியில் மாட்டிக்கொண்டவர்கள் பலர் இப்படித்தான் வாயைக் கட்டிக்கொள்கிறார்கள். சொன்னால், “உனக்கென்ன, நல்லா சாப்ட்டு வந்தே” என்பார்கள் என்ற கூச்சம்.

இனி அந்தப் பதினெட்டு மணி நேரம்.

“உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை” என்று நான் எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை, எனக்கும் அது பொய்யாகப் படும். கையில் போன் இருந்தது. டீச்சர் வீடு முழித்திருக்கும். அந்த வீட்டு வாசற்படியில்தான் அம்மா உட்கார்ந்திருந்தார், முதல் மணி முழுசாக அடித்து ஓய்வதற்குள் எடுத்திருப்பார்கள். நீங்கள் கூப்பிட்டிருக்கலாம். அம்மாவின் பட்டினியில் பதினெட்டு மணி நேரம் குறைந்திருக்கும். இந்த வருத்தம் நியாயமானது, இதை வைத்துக்கொள்ளுங்கள். இது ஒரு இரவின் தவறு, ஒரு இரவின் எடைதான் இதற்கு. இதன் மேல் மூவாயிரம் பேரின் சாவையும் ஏற்றிக்கொண்டு தூக்கப் பார்க்கிறீர்கள், அதுதான் தூங்கவிடுவதில்லை.

ஆனால் ஏன் கூப்பிடவில்லை என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்குப் பி.பி. நம்பர் என்றால் என்னவென்றே தெரியாது. வீட்டில் போன் இல்லாதவர்கள் அக்கம்பக்கத்து வீட்டு எண்ணைத் தன் எண்ணாகக் கொடுத்துவைப்பார்கள். அதற்கு எழுதாத சட்டம் நிறைய உண்டு. சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடக் கூடாது. ஒன்பது மணிக்கு மேல் கூப்பிட்டால் சாவுச் செய்தி என்று அந்த வீடே பதறும். கூப்பிட்டுவிட்டு வைத்துவிட்டு, ஆள் வருவதற்குப் பத்து நிமிஷம் கொடுத்துத் திரும்பக் கூப்பிட வேண்டும். பேச வருகிறவர் செருப்பை வெளியே விட்டு, போன் பக்கத்தில் நின்றுகொண்டுதான் பேசுவார், உட்கார மாட்டார். பண்டிகைக்கு ஒரு தூக்குப் பலகாரம் அந்த வீட்டுக்குப் போகும். அடுத்தவர் வீட்டுப் பொருளைப் பயன்படுத்துவதில் இருக்கிற அந்தக் கூச்சத்தை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகு, செத்தே போனான் என்று நினைத்த மகனின் குரலைக் கேட்ட ஒரு பெண், ஒரு நிமிஷத்துக்குள், “பில் ஏறும், போனை வை” என்கிறார். (அந்த ஊரில் உங்களுக்குப் போன் இலவசம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?) தான் பட்டினி கிடந்ததைச் சொல்லவில்லை. ஏன் முன்னாடியே கூப்பிடவில்லை என்று கேட்கவில்லை. டீச்சர் வீட்டு முற்றத்தில் அத்தனை பேர் நிற்க வாய்விட்டு அழவும் இல்லை. உங்கள் காசை நினைத்து, டீச்சர் வீட்டை நினைத்து, தன்னை ஒதுக்கிவைத்துவிட்டார். புதன்கிழமை சாயங்காலம் கேண்டரில் நீங்கள் செய்ததும் அச்சு அசலாக அதேதான். நடுராத்திரியில் டீச்சர் வீட்டை எழுப்பத் தயங்கிய பிள்ளை, அந்த அம்மா வளர்த்த பிள்ளை. அன்றைக்கு நீங்கள் கூப்பிட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். மறுநாள் விடிந்ததும், “டீச்சர் வீட்டை ராத்திரியில எழுப்பிட்டோமே” என்று ஒரு தூக்கு மோரையாவது கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்.

இத்தனை வருஷம் உங்களிடம் சொல்லாமலே போனதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மறைத்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு அது அந்த வியாழக்கிழமை சாயங்காலத்தோடு முடிந்துபோன கணக்காக இருந்திருக்கலாம். அக்காவும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அம்மா இல்லாத வீட்டில் பாத்திரம் ஒதுங்கவைத்துக்கொண்டே, அம்மாவைப் பற்றிப் பேச வந்த நினைவுகளில் ஒன்று அது.

இப்போது மகள் விஷயம். அந்தச் சத்தியத்தை முதலில் திருப்பிக் கொடுங்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் என்பது அம்மாவுக்கு நீங்கள் வைத்த பாக்கி, அதை மகளிடம் வசூலிக்கிறீர்கள். துபாய் மாதிரிப் பெரிய விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் அவள் நிற்கும்போது நாலாவது மணி வந்துவிட்டால், அவளுக்கும் வேதனை, உங்களுக்கும் வேதனை.

அதற்குப் பதிலாக உங்கள் அனுபவத்தைக் கொடுங்கள். எங்கேயாவது ஏதாவது நடந்து வழியில் நிற்க நேர்ந்தால் ஒரே ஒரு செய்தி போதும்: எங்கே இருக்கிறேன், எப்படி இருக்கிறேன், அடுத்து எப்போது பேசுவேன். மூன்றாவதுதான் முக்கியம். “நாளைக் காலை எட்டு மணிக்கு” என்று தெரிந்தால் வீட்டில் இருப்பவர்கள் சாப்பிட்டுப் படுப்பார்கள். குடும்பத்தில் ஒரே ஆளுக்கு அனுப்பட்டும், மற்ற உறவெல்லாம் அந்த ஆளிடம் கேட்டுக்கொள்ளட்டும். அதாவது ஒரு டீச்சர் வீடு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், அது உங்கள் அக்காவாகவே இருக்கலாம். நாலைந்து எண்களையும் அந்த நாட்டு இந்தியத் தூதரக எண்ணையும் தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், போன் அணைந்துபோகும். தினசரி மாத்திரை ஏதாவது இருந்தால் ஒரு வாரத்துக்காவது கைப்பையில் இருக்கட்டும், கேண்டர் மருந்துக் கடைகள் எல்லா ஊரிலும் இருக்காது.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அந்தச் செயலியை எடுத்துவிடுங்கள். அசம்பாவிதம் எதுவும் நடந்தால் டிவி முன்னாலும் போன் முன்னாலும் மணிக்கணக்கில் உட்காராதீர்கள். 2013இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபோது, அதற்கு அடுத்த வாரத்தில் தினம் ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அந்தச் செய்திகளிலேயே மூழ்கிக் கிடந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடவும் அதிக மன அழுத்த அறிகுறிகள் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். உங்கள் அம்மாவுக்கு அன்று டீச்சர் வீட்டு டிவி அதைத்தான் செய்திருக்கும். இடிந்து விழுந்த கோபுரம் அன்றைக்கு எத்தனை தடவை விழுந்தது என்று யாருக்குக் கணக்கு?

விடிகாலை முழிப்பு பற்றி. அம்மா போய் எட்டு மாதம்தான் ஆகிறது, இதில் பெரும் பகுதி துக்கம்தான், நோய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தலைதிவசம் தாண்டியும் தூக்கம் இப்படியே இருந்தால், வேலையில் மனசு ஒட்டாவிட்டால், அல்லது நான் இருந்து என்ன என்ற நினைப்பு ஒரு தடவை எட்டிப் பார்த்தால்கூட, பக்கத்தில் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். ராத்திரி மூன்று மணிக்கே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அங்கே எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் யார் தூக்கமும் கெடாது, அதனால் தயங்க வேண்டாம்.

மகள் கிளம்புவதற்கு முன் ஒரு நாள் ஊருக்குப் போய்விட்டு வாருங்கள், அவளையும் கூட்டிக்கொண்டு. மீன் கதையை அவளிடம் சொல்ல வேண்டிய இடம் அந்தத் தெருதான். டீச்சர் இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் அவர் பிள்ளைகள் யாராவது இருப்பார்கள். அக்காவிடம் ஒன்று கேளுங்கள். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை என்பதை மட்டும் அவர் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார், மிச்சத்தை நீங்கள் கேட்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அம்மா என்ன சொன்னார், யாரைப் பார்த்துச் சொன்னார், பட்டினியை முடித்தது டீச்சர் வீட்டிலா உங்கள் வீட்டிலா, முதல் வாய் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள்.